மரவாசனை பிடித்தால் மனசும் மரமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

சேலத்திலிருந்து 31 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பிரிவில் வேலை. பதவி உயர்வு கிடைத்து வசூல் களப்பணிக் குழுவுக்குப் பொறுப்பேற்றவர். குழுவில் மற்ற எல்லோரும் ஆண்கள். பொறுப்பேற்ற அதே மாதத்தில் வாங்கிய சென்ட்டைத்தான் இன்றுவரை போடுகிறார். முதலில் லாவண்டர், ரோஸ்மேரி மணம் தூக்கலாக வரும். போகப்போக வெட்டிவேரும் செடார் மரமும் நிற்கும். கடையில் அது ஆண்கள் அடுக்கில் இருந்ததாம். “அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் யார் வீட்டு வாசலிலும் தயங்காமல் நிற்க முடிகிறது” என்கிறார்.

இப்போது அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. காரில் ஒன்றாகப் போனபோது, நாத்தனார் ஆகப்போகிறவர், “என்ன அண்ணி, ஆம்பள வாசனை அடிக்குது?” என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் மாப்பிள்ளை வெனிலாவும் மல்லிகையும் கலந்த ஒரு சென்ட்டைப் பரிசாகத் தந்து, “இது உனக்கு இன்னும் சாஃப்ட்டா இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். தோழி அனுப்பிய ஓர் இணைய டெஸ்ட்டில், மரவாசனை விரும்புகிறவர்கள் ‘தனித்து நிற்பவர்கள், பிடிவாதக்காரர்கள், உணர்ச்சியை வெளியே காட்டாதவர்கள், நெருக்கத்துக்கு அஞ்சுபவர்கள்’ என்று வந்ததாம். “படித்ததும் அடிவயிறு கலங்கியது. அத்தனையும் நான்தான்” என்று எழுதுகிறார். அலுவலகத்திலோ, பக்கத்து இருக்கைப் பெண் இவருடைய சென்ட்டால் தலை வலிக்கிறது என்கிறார். பதவி உயர்வு தனக்குக் கிடைக்காத கோபம்தான் தலைவலியாக வருகிறது என்று இவர் நினைக்கிறார். களக்குழுவில் ஒருவர், “மேடம் வந்தா சார் வந்த மாதிரி இருக்கு” என்று அடிக்கடி சொல்லிச் சிரிக்கிறாராம்.

கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: “ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சென்ட் போட மாட்டேன். தலைக்குக் குளித்துவிட்டு மரிக்கொழுந்து வைத்துக் கட்டிய கதம்பம் வைத்துக்கொள்வேன். அன்று நான் வேறு ஆள். இதில் எது நிஜமான நான்? இந்த சென்ட்டை விட்டுவிடட்டுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போடும் சென்ட் உங்களைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அந்த டெஸ்ட் சொன்னதை அது சொல்லவில்லை. எதையெல்லாம் முகர்ந்து வளர்ந்தீர்கள், எந்த வாசனையோடு எந்த அனுபவம் உங்களுக்குள் ஒட்டிக்கொண்டது, அதைப் போட்டுக்கொண்டு எங்கே போய் நிற்கிறீர்கள் என்பதையெல்லாம் அது சொல்லும். நீங்கள் அன்பானவரா, கடினமானவரா, நல்ல மனைவியாக இருப்பீர்களா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அந்த டெஸ்ட் அப்படியே பொருந்தியது ஏன்?

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் ‘உன் தனிப்பட்ட முடிவு’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். சராசரியாக 5-க்கு 4-க்கும் மேலே வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை அவர் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ‘வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே உங்களுக்குக் கவலைகள் உண்டு’ என்ற மாதிரியான வரி யாருக்குத்தான் பொருந்தாது?

உங்களுக்கு வந்த முடிவைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஆண்கள் மட்டுமே உள்ள குழுவுக்குத் தலைமை தாங்கி, கடன் கட்டாதவர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டிய ஒருவர், ‘உணர்ச்சியை வெளியே காட்டாதவர்’ என்ற வரியைப் படித்தால் ஆமாம் என்றுதான் சொல்வார். அது உங்கள் வேலை உங்களிடம் கேட்கும் நடத்தை. மல்லிகை சென்ட் போடும் ஒரு பெண் அதே பொறுப்பில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அந்த நான்கு வரிகளில் மூன்று உங்கள் வேலையைப் பற்றியவை. நான்காவது, ‘நெருக்கத்துக்கு அஞ்சுபவர்’ என்பது, கல்யாணம் நெருங்கும் நேரத்தில் பலரின் மனதிலும் இருக்கும் சாதாரணப் பயம்.

இந்தத் துறையில் நிஜமான ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் அவை போகும் திசை வேறு. மிலின்ஸ்கி, வெடெகிண்ட் என்ற இருவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்கள் தங்களுக்கென்று விரும்பும் வாசனைப் பொருள்களுக்கும் அவர்களுடைய நோய் எதிர்ப்பு மரபணு வகைக்கும் தொடர்பு தெரிந்தது. 2012-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்த சென்ட் அவர் உடல் மணத்தோடு கலக்கும்போது, மற்றவர் கொடுத்த சென்ட்டைவிட இனிமையாக இருப்பதாக முகர்ந்தவர்கள் சொன்னார்கள். அதாவது, உங்கள் மூக்கு உங்கள் தோலுக்கு ஒத்துவருவதைத் தேடி எடுத்திருக்கக்கூடும். ‘இவர் பிடிவாதக்காரர்’ என்று இந்த இரண்டு ஆய்வுகளும் சொல்லவில்லை.

இன்னொரு ஆய்வு உங்கள் கடிதத்துக்கு மிகவும் நெருக்கமானது. இங்கிலாந்தில் கிரெய்க் ராபர்ட்ஸும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்டது. சில ஆண்களுக்கு வாசனையுள்ள ஸ்ப்ரேயும், சிலருக்கு வாசனை இல்லாத ஸ்ப்ரேயும் கொடுத்தார்கள். சில நாள்களில் முதல் குழுவினரின் தன்னம்பிக்கையில் வித்தியாசம் தெரிந்தது. அதன்பின் அவர்களைப் படமெடுத்து, ஒலி இல்லாத வீடியோவாகப் பெண்களுக்குக் காட்டினார்கள். வாசனை போட்டவர்கள் அதிகக் கவர்ச்சியாகத் தெரிந்தார்கள். பார்த்த பெண்களால் முகர முடியாது, பேச்சையும் கேட்க முடியாது. வெறும் புகைப்படத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. மாறியிருந்தது அவர்கள் உட்கார்ந்த விதமும் அசைந்த விதமும்தான்.

யார் வீட்டு வாசலிலும் தயங்காமல் நிற்க முடிகிறது என்று எழுதினீர்களே, அங்கே நடப்பது இதுதான். அந்தத் தைரியம் பாட்டிலிலிருந்து வரவில்லை. அது உங்களுடையது. சென்ட் அதை நினைவூட்டுகிறது, அவ்வளவே. வாசனைச் செய்தி மூளையில் போகும் பாதையும் இதற்குத் துணை. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடத்தைக் கடந்துதான் உள்ளே போகின்றன. மணமோ அந்தச் சுற்று இல்லாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளை நேராகத் தொட்டுவிடும். புதுப் பொறுப்பு, முதல் களப்பணி, முதல் வெற்றி எல்லாம் நடந்த மாதத்தில் நீங்கள் முகர்ந்தது அந்த லாவண்டரும் வெட்டிவேரும். அவை உங்களுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வேறொரு பெண்ணுக்கு இதே வாசனை மருத்துவமனை நினைவைக் கொடுக்கலாம்.

‘ஆம்பள வாசனை’ என்று ஒன்று உண்டா?

உங்கள் நாத்தனார் கேட்டது குத்தலாகவே இருந்திருக்கலாம், விளையாட்டாகவும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் அந்தக் கருத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

லாவண்டரையும் ஓக் மரப் பாசியையும், உலர்ந்த வைக்கோல் போல மணக்கும் கூமரின் என்ற பொருளையும் சேர்த்த கலவை பாரிஸில் 1882-இல் ஊபிகான் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபூஜேர் ரோயால்’ மூலம் பெயர் பெற்றது. அந்த மணம் பிற்பாடு சவர சோப்பு, ஆஃப்டர் ஷேவ் என்று பரவி ஆண்களின் வாசனை ஆனது. 1957-இல் கார்வென் என்ற பிரெஞ்சு நிறுவனம் வெட்டிவேரின் பெயரிலேயே ஆண்களுக்கென்று ஒரு சென்ட் கொண்டுவந்தது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். ஆனால் அதே ஓக் பாசியை வைத்து 1917-இல் கோட்டி என்ற பிரெஞ்சு சென்ட் தயாரிப்பாளர் உருவாக்கிய ‘ஷீப்ர்’ என்ற சென்ட்டைப் பெண்கள் விரும்பிப் போட்டார்கள். அப்படிப் பார்த்தால், உங்கள் சென்ட்டை ஆண்கள் அடுக்கில் வைத்தது விற்பனைப் பழக்கம்.

வடக்கே கன்னோஜில் வடிக்கும் ரோஜா அத்தரை ஆண்கள் காலங்காலமாகப் பூசிக்கொள்கிறார்கள். அங்கே யாரும் அதைப் பெண் வாசனை என்று ஒதுக்குவதில்லை. நம் பக்கமும் அப்படித்தான். சங்கப் பாடல்களில் பெண்கள் கூந்தலுக்கு ஊட்டியது அகில் புகை. அது மரம். மார்பில் பூசியது சந்தனம். அதுவும் மரம். இன்றும் வளைகாப்பில் கர்ப்பிணியின் கன்னத்திலும் கையிலும் சந்தனம்தான் பூசுகிறோம். வெட்டிவேரைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டுத் தலைக்குத் தடவுகிற பாட்டிமார்கள் எத்தனை பேர்! மரவாசனை ஆண்களுக்கு என்ற எண்ணம் நம் வீடுகளில் மிகவும் புதியது.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வார நாளில் ஒருத்தி, ஞாயிறன்று வேறொருத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கதம்பத்தில் மல்லிகை, கனகாம்பரம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மரிக்கொழுந்தைத்தான் எடுத்துச் சொல்கிறீர்கள். மரிக்கொழுந்து பூ மணத்துக்காக வளர்க்கும் செடி அல்ல. இலையும் தண்டுமாக மணக்கும் மூலிகை. மாசிப்பச்சையின் உறவு. அதிலிருந்து வடித்த எண்ணெயைத் தவன எண்ணெய் என்ற பெயரில் வெளிநாட்டு சென்ட் நிறுவனங்களும் வாங்குகின்றன. லாவண்டரும் ரோஸ்மேரியும் உட்கார்ந்திருக்கும் பச்சிலை வரிசையில்தான் இதுவும் வரும். ஆறு நாளும் ஞாயிறும் உங்கள் மூக்கு ஒரே பக்கம்தான் போகிறது. இரண்டு ஆள் அங்கே இல்லை, சகோதரி. அலுவலகத்தில் விறைப்பாக நிற்பவரும், வீட்டில் ஈரத்தலையோடு கதம்பம் வைத்துக்கொள்பவரும் ஒரே ரசனை உள்ள ஒரே பெண். இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்வது நடிப்பாகாது.

பக்கத்து இருக்கையின் தலைவலி

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அவருக்கு வருவது பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒற்றைத் தலைவலி உள்ள பலருக்குக் கடுமையான வாசனை தலைவலியைத் தூண்டிவிடும். தலைவலி வந்த நேரத்தில் எந்த மணமும் தாங்காது. மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம் இது. உங்களைப் பிடிக்காதவருக்கும் நிஜமாகவே தலை வலிக்கலாம்.

இதில் இன்னொன்றும் உண்டு. தொடர்ந்து முகரும் வாசனை நம் மூக்குக்குச் சீக்கிரமே பழகி, தெரியாமலே போய்விடும். பல நாளாக ஒரே சென்ட்டைப் போடுகிறவர், ‘மணம் குறைந்துவிட்டது’ என்று நினைத்து இன்னும் இரண்டு முறை அடித்துக்கொள்வார். எதிரே இருப்பவருக்கு அது மூச்சு முட்டும். நீங்களும் அப்படிச் செய்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்களோடு வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். மனிதர்களிடையே வாசனை உணர்வும் ஒரே மாதிரி இல்லை. வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் நம்மிடம் சுமார் 400 வகை இருக்கின்றன. அவற்றின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். ஆண்ட்ரோஸ்டீனோன் என்ற ஒரு பொருளைச் சிலர் வியர்வை நாற்றம் என்பார்கள், சிலர் இனிப்பு மணம் என்பார்கள், சிலருக்கு எதுவுமே தெரியாது. உங்களுக்கு இதமாக இருப்பது அவருக்கு எப்படி இருக்கிறது என்று உங்கள் மூக்கால் அறிய முடியாது.

ஆகவே அவரிடம் நேராகப் போய், “எவ்வளவு நாளா இப்படி இருக்கு? நான் குறைச்சுப் போட்டா சரியாகுமா?” என்று கேளுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாளில் சென்ட் வேண்டாம், அல்லது உடைக்குள் ஒரே ஒரு முறை போதும். களத்துக்குப் போகும் நாளில் அலுவலகத்திலிருந்து கிளம்பிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் அவருக்குத் தாங்கவில்லை என்றால் இருக்கையை மாற்றிக் கேட்கலாம். இதில் நீங்கள் தோற்றுப்போவதற்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு வாசனை ஒரு சந்தோஷம். அவருக்கு அது உடம்பு வலி. இரண்டும் மோதினால் வலிக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும்.

நாத்தனார் சொன்னதற்கும் இதே சங்கதி ஒரு காரணமாக இருக்கலாம். லாவண்டர், ரோஸ்மேரி போன்ற லேசான பொருள்கள் முதலில் பறந்துவிடும். வெட்டிவேர் எண்ணெயும் மர எண்ணெய்களும் கனமானவை, மணிக்கணக்கில் நிற்கும். போட்டவுடன் மூடிய காருக்குள் ஏறினால் ஆஃப்டர் ஷேவ் போன்ற அந்த முதல் காரம்தான் எல்லோருக்கும் அடிக்கும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட்டால், அடியில் உள்ள வெட்டிவேர் மட்டும் மெதுவாக வரும். தோலில் அரிப்போ சிவப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். மூலிகை, இயற்கை என்று எழுதியிருந்தாலும் ஒவ்வாமை வரும். காற்றுப்பட்ட லாவண்டர் எண்ணெயே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

“மேடம் வந்தா சார் வந்த மாதிரி”

இதைச் சொல்பவரிடம் ஒருமுறை தெளிவாக, சிரிக்காமல் சொல்லிவிடுங்கள்: “இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கலை, இனிமே வேண்டாம்.” தேதியைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்காமல், பேச்சு உங்கள் உடம்பைப் பற்றியோ பாலியல் அர்த்தத்திலோ போனால், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 உங்களுக்குத் துணை இருக்கிறது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். இப்போது அவர் சொல்வது அந்த அளவுக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

அவர் தந்த பரிசு

உங்கள் கடிதத்தின் நிஜமான பாரம் இந்த இடத்தில் இருக்கிறது. சென்ட்டைப் பற்றி ஆறு பத்தி எழுதிய நீங்கள், அந்தப் பரிசை வாங்கிக்கொண்டபோது என்ன சொன்னீர்கள் என்று எழுதவே இல்லை. ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துவிட்டீர்கள் என்று ஊகிக்கிறேன்.

அவர் உங்களை மாற்றப் பார்க்கிறார் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். நிச்சயமான பெண்ணுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கியிருக்கலாம். தங்கை காரில் சொன்னதால் உங்களுக்குச் சங்கடமாகியிருக்கும் என்று அவராகவே கவலைப்பட்டிருக்கலாம். அல்லது மல்லிகை வாசனை அவருக்கு நிஜமாகவே பிடித்திருக்கலாம். பிடிக்கும் என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. உங்களோடு ஒரே அறையில் வாழப்போகிறவருடைய மூக்கும் கணக்கில் வர வேண்டியதுதான். அவர் மாலையில் உங்களோடு வெளியே வரும்போது அவர் தந்ததைப் போடுவது, வேலைக்கு உங்களுடையதைப் போடுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டால் அதில் அடிமைத்தனம் ஒன்றும் இல்லை.

ஆனால் அதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் இந்த சென்ட்டின் கதையைச் சொல்லுங்கள். பதவி உயர்வு, முதல் களப்பணி, மரிக்கொழுந்து எல்லாவற்றையும். “நீங்க குடுத்தது நல்லா இருக்கு. ஆனா எனக்கு இதுதான் பிடிக்கும். உங்களுக்கு இது தொந்தரவா இருக்கா, இல்ல மத்தவங்க சொல்றாங்கன்னு பாக்கறீங்களா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் பதிலை முழுக்கக் கேளுங்கள். ‘எனக்கு அந்தக் காரம் தலைக்கு ஏறுது’ என்றால் அது தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். ‘பொண்ணுன்னா இப்படி இருக்கணும்’ என்று தொடங்கி, உடை, சிரிப்பு, வேலை நேரம், களப்பணி என்று பேச்சு நீண்டால், அப்போது பிரச்சினை சென்ட் இல்லை. திருமணத்துக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டிய பெரிய கேள்வி அது. திருமணத்துக்கு முந்தைய ஆலோசனைக்கு இருவரும் சேர்ந்து ஒருமுறை போவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பயந்துகொண்டு ரகசியமாகப் பழைய சென்ட்டைப் போடுவது, அவர் வரும் நாளில் மட்டும் மாற்றிக்கொள்வது என்ற வழிக்கு மட்டும் போகாதீர்கள். சின்ன விஷயத்தில் பழகும் ஒளிவுமறைவு பெரிய விஷயத்திலும் கைக்கு வந்துவிடும்.

விடுவதா, வேண்டாமா?

நாத்தனாருக்காகவோ அந்த டெஸ்ட்டுக்காகவோ விட வேண்டாம். பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணம் போதும், வைத்துக்கொள்ள. ஆனால் ஒன்றைச் செய்து பாருங்கள். அடுத்த வாரம் இரண்டு மூன்று நாள் சென்ட் இல்லாமலே களத்துக்குப் போங்கள். முதல் நாள் கை கொஞ்சம் வெறுமையாக இருக்கும். வேலை வழக்கம்போல நடந்தால், அந்தத் தைரியம் யாருடையது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதன்பிறகு எந்த நாள் வேண்டுமானாலும் நிம்மதியாகப் போட்டுக்கொள்ளலாம். மாறாக, அது இல்லாமல் வாசலைத் தாண்டவே முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, இரவில் தூக்கம் வரவில்லை என்றால், களப்பணி உங்கள் மேல் ஏற்றியிருக்கும் பயத்தை நீங்கள் நீண்ட நாளாகத் தனியாகவே தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது அருகில் உள்ள மனநல ஆலோசகரைப் பாருங்கள். உடனே பேச வேண்டும் என்றால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.